மலையகத்தில் எந்த ஊர் வளருது, எந்த ஊர் தேயுது? – கேள்வி பதில்

இலங்கையின் 2001, 2012 ஆகிய இரண்டு குடிசன மதிப்பீட்டிலும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு, நுவரெலியா மாவட்டத்து டிக்கோயாப் பக்கம் லயம் லயமாக (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஏறி இறங்கியவன் நான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததும் கணக்குத்தான். நம்ம ஊர்களின் சனத்தொகை பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் ஒருவர்: சேர், சனி ஞாயிறு என்றால் டவுனில் கால் வைக்க இடமில்லை. நகரசபைச் சனத்தொகையைக் கேட்டால் மட்டும் சின்னதாக ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. உங்கள் கடைக்கு வருகிறவர் யார் என்று பாருங்கள். சம்பளம் போட்ட வார இறுதியில் ஓர் அம்மா பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவார், ஒரு பொட்டலம் கருவாடு வாங்குவார், நோர்வூட் பஸ் பிடித்துப் போய்விடுவார். அவர் செலவழிப்பது ஹட்டனில், எண்ணப்படுவது தோட்டத்தில். நகரசபை எல்லை மல்லியப்புப் பக்கம் எங்கேயோ முடிந்துவிடுகிறது. டவுனின் சீவன் அந்த எல்லைக்கு வெளியே மலை மலையாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இலங்கையில் மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் இருப்பது மட்டும்தான் ‘நகரம்’. 20 ஏக்கரோ அதற்கு மேலோ நிலமும், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் குறைந்தது 10 பேரும் இருந்தால் ‘தோட்டம்’. மிச்சமெல்லாம் ‘கிராமம்’. 2012இல் நாட்டில் நகரம் 18.2 சதவீதம், கிராமம் 77.4, தோட்டம் 4.4. முன்பு பட்டின சபைகள் இருந்தன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தோடு அவை போய்விட்டன. அதனால் பொகவந்தலாவையில் எத்தனை கடை திறந்தாலும், கொட்டகலையில் எத்தனை மாடி எழும்பினாலும் கணக்கில் அவை நகரமில்லை. ‘மலையகத்தில் நகரம் வளரவில்லை’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபமே வரும். வளர்ச்சி இருக்கிறது, அதை எண்ணுகிற பெட்டிதான் இல்லை.

மாத்தளையில் இருந்து உயர்தர மாணவி: மாவட்டங்களை எப்படி ஒப்பிடுவது சேர்? கூடின ஆட்களை வைத்தா, சதவீதத்தை வைத்தா?

சதவீதம்தான் மகள். உங்கள் மாவட்டத்தையே எடுங்கள். 2001இல் 4,41,328 பேர், 2012இல் 4,84,531. கூடியது 43 ஆயிரம். கண்டி 12,79,028இல் இருந்து 13,75,382 ஆனது, கூடியது 96 ஆயிரம். ஆட்களைப் பார்த்தால் கண்டி இரட்டிப்புக்கு மேல். ஆனால் இருந்த தொகையோடு வைத்துப் பார்த்தால் மாத்தளை 9.8 சதவீதம், கண்டி 7.5 சதவீதம்தான். வேகமாக வளர்ந்தது உங்கள் மாவட்டம். பதுளை 7,79,983இல் இருந்து 8,15,405, அதாவது 4.5 சதவீதம். நுவரெலியா 7,03,610இல் இருந்து 7,11,644. வெறும் 1.1 சதவீதம், அதுவும் ஒரு தசாப்தத்துக்கு மேற்பட்ட காலத்தில்.

இராகலையில் இருந்து ஒரு வாசகர்: நுவரெலியா மாவட்டம் மட்டும் ஏன் இப்படி நின்றுபோனது? பிள்ளைகள் பிறக்கவில்லையா?

பிறந்தார்கள். அந்தக் காலத்தில் பிறப்பு இறப்பைவிடக் கூடுதல்தான். பிறந்த பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து ஊரிலேயே இருந்திருந்தால் பல பத்தாயிரம் பேர் கூடியிருக்க வேண்டும். கூடியது 8 ஆயிரம். மிச்சப் பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள் என்பதே அதன் அர்த்தம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2001இல் நான் போன ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒரு குடும்பம் இருக்கும் அறை. பன்னிரண்டிலும் அடுப்புப் புகை. 2012இல் அதே லயத்துக்குப் போனேன். நான்கு காம்பராவில் பூட்டு. ஒன்றில் ஒரு பாட்டி மட்டும் இருந்தார். ஆட்களைச் சொல்லச் சொன்னேன், தன் பெயரைச் சொல்லிவிட்டு மகன் பெயரையும் சொன்னார். மகன் எங்கே என்றேன். “கொழும்புல, கடையில நிக்கிறான்.” எத்தனை வருசம்? “அஞ்சு வருசம்.” அப்படியென்றால் அவரைக் கொழும்பில்தான் எழுதுவார்கள் அம்மா என்றேன். பாட்டி சுவர் ஆணியைக் காட்டினார். ஒரு நீலச் சட்டை தொங்கியது. “சட்ட இங்கதானே கெடக்கு. அவனையும் எழுதுங்க.” வழமையாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் எண்ண வேண்டும் என்பது விதி. நான் எழுதவில்லை. அந்தச் சட்டை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது, காம்பரா சொந்தமில்லை, படித்த பிள்ளைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. காணி உறுதி கையில் இருந்தால் போகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு காலை ஊரில் வைத்துக்கொண்டு போவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்து: கண்டி நகரம் தேய்கிறது என்கிறார்களே, நம்ப முடியவில்லை.

மாநகரசபை எல்லைக்குள் 2001இல் சுமார் 1 இலட்சத்து 10 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2012இல் 1 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. நடு டவுனில் வீடெல்லாம் கடையாகவும் வங்கியாகவும் ரியூசன் வகுப்பாகவும் மாறிவிட்டன. ஆட்கள் குண்டசாலை, திகன, பிலிமத்தலாவை, அக்குறணை என்று எல்லைக்கு வெளியே குடியேறி, காலையில் பஸ் ஏறி உள்ளே வருகிறார்கள். நகரம் தேயவில்லை தம்பி, பரவியிருக்கிறது.

வவுனியாவில் இருந்து: எங்கள் தாத்தா 1977இல் இரத்தோட்டையில் இருந்து இங்கே வந்தவர். 1971க்கும் 1981க்கும் இடையில் மலையகத் தமிழர் தொகை இலட்சக்கணக்கில் விழுந்ததாக வாசித்தேன். எல்லாரும் எங்களைப்போல வடக்குக்கு வந்தவர்களா?

இல்லை, வந்தவர்கள் அதில் ஒரு பங்கு. கணக்கெடுப்பில் மலையகத் தமிழருக்கு வைத்த பெயர் ‘இந்தியத் தமிழர்’. அப்படிப் பதியப்பட்டவர்கள் 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரம், 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். நாட்டில் 9.3 சதவீதமாக இருந்தவர்கள் 5.5 ஆனார்கள்.

பெரிய காரணம் கப்பல். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரை, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! எங்கள் வீட்டிலும் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் போனது. இரண்டாவது காரணம் வடக்குக்குப் போனது. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம். 1977இல் வன்செயல். உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று காடு வெட்டிக் குடியேறினார்கள்.

மூன்றாவது காரணம் பேனா. குடியுரிமை கிடைத்தவர்களில் பலர், ‘இந்திய’ என்ற சொல்லே ஆபத்து என்று பயந்து, ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தார்கள். அவர்கள் எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் இது நடக்கிறது. 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரமாக இருந்த தொகை 2024 கணக்கெடுப்பில் 6 இலட்சம் அளவுக்கு இறங்கி, 2.8 சதவீதம் ஆனதை, ஆட்கள் காணாமல் போன கணக்காக மட்டும் வாசிக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் பதிந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

கொட்டகலையில் இருந்து ஓர் இளைஞர்: எண்ணிக்கை கூடினால் என்ன, குறைந்தால் என்ன அண்ணே? எங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

உங்கள் கொட்டகலையே பதில் தம்பி. முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டு பிரதேச சபைகள், ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேல் சனம். மற்ற மாவட்டங்களில் சில பத்தாயிரம் பேருக்கே ஒரு சபை இருந்தது. அந்தக் கணக்கைக் காட்டிக் காட்டிக் கேட்டுத்தான் 2018 தேர்தலுக்கு அவை ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. கையில் எண்ணிக்கை இல்லாமல் போயிருந்தால் யாரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள்.

மஸ்கெலியாவில் இருந்து: பழைய மஸ்கெலியா டவுன் இருந்திருந்தால் பெரிய நகரமாகியிருக்குமா?

சொல்ல முடியாது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக டவுனை மேலே கொண்டுவந்து வைத்தார்கள். கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் கற்கள் வெளியே தெரியும், பார்க்க ஊரே இறங்கிப் போகும். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியவும் இப்படித்தான் இடம் மாறியது. மலையகத்தில் ஒரு டவுனின் பழைய தொகையையும் புதிய தொகையையும் ஒப்பிடுமுன், அது அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டுலோயாவில் இருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வருடா வருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். தோட்டம் காலியாகிறது என்று முடிவெடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம் டீச்சர். தோட்டத்தில் பிள்ளை இருந்தும் வான் வைத்து டவுன் பாடசாலைக்கு அனுப்புகிறார்களா என்று முதலில் பாருங்கள், காலையில் சந்தியில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். குடும்பநல மாதுவிடம் அந்தப் பிரிவில் ஐந்து வருடத்துக்கு முன் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கும். பிறப்பும் குறைந்து, இடாப்பில் வாலிபப் பெயர்களும் குறைந்திருந்தால் உங்கள் சந்தேகம் சரி. பிறப்பு குறையவில்லை, வான்தான் கூடியிருக்கிறது என்றால், அது தோட்டத்தின் பிரச்சினையில்லை, பாடசாலையின் பிரச்சினை. அதை உங்களால் சரிசெய்ய முடியும்.