வீடு கட்ட முழு காண்ட்ராக்ட்டா, நாமே நின்று கட்டுவதா?

முழு காண்ட்ராக்ட் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பொருள், ஆள் எல்லாவற்றையும் ஒருவரிடமே விடுவது. லேபர் காண்ட்ராக்ட்டில் மேஸ்திரிக்குக் கூலி மட்டும். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் நம் பொறுப்பு. கல்யாணச் சமையலைக் கேட்டரிங்குக்கு விடுவதற்கும், மளிகையை நாமே வாங்கிக் கொடுத்துச் சமையல்காரரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

காண்ட்ராக்டர் கூடுதலாகக் கேட்பதில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் அலைச்சலுக்கும் ரிஸ்க்குக்கும் ஒரு விலை இருக்கிறது. தளம் போடும் நாளில் ஜல்லி வண்டி தாமதமானால் மொத்த ஆட்களுக்கும் சும்மா கூலி ஓடும். பாதியில் நின்ற கான்கிரீட் இறுகிவிட்டால் அந்த இணைப்பில்தான் பின்னால் ஒழுகும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த வகை) சிமெண்ட் என்றால் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் விடுவது? தினமும் சைட்டுக்குப் போக முடியாதவர்கள் லேபர் காண்ட்ராக்ட் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது (வெளிநாட்டில் இருப்பவர்கள் நிச்சயமாக).

முழு காண்ட்ராக்ட் விட்டால் சாவி வாங்கப் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கம்பி கட்டியதும் நமக்கு வேண்டிய இன்ஜினியரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கான்கிரீட் கொட்டிய பிறகு உள்ளே இருப்பது 12 எம்எம்மா, 10 எம்எம்மா என்று கண்ணுக்குத் தெரியாது.