தட்டில் இருப்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: மகள் படிக்கும் பள்ளி உணவகத்தில் கல்லாவில் ஆள் இல்லை. பிள்ளைகளே தட்டை ஓர் இயந்திரத்தின் முன் வைத்து, அட்டையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். என்ன எடுத்தார்கள் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஏமாற்ற முடியாதா? (ஒரு தாய்)

பதில்: ஏமாற்றலாம். நான் மறைத்தாலும் உங்கள் மகள் சொல்லிவிடுவாள். பில் போடும் இயந்திரங்களைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் காலம் தள்ளியவன் நான். பிள்ளைகள் கண்டுபிடிக்காத ஓட்டை இதுவரை எந்த இயந்திரத்திலும் இருந்ததில்லை.

இயந்திரத்துக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: வந்திருப்பது யார், தட்டில் என்ன. இரண்டாவதுதான் வில்லங்கம். உறையிட்ட பாலோ பிஸ்கட்டோ என்றால் பார்கோடு இருக்கிறது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தோடு புழக்கத்துக்கு வந்த அதே கோடுகள். அதன் கடைசி எண், முன்னால் உள்ள எண்களைக் கூட்டிப் பெருக்கி வருவது. கசங்கிய உறையில் ஓர் எண் பிசகினால் கணக்கு ஒத்துவராது. வேறொரு பொருளுக்குப் பில் போடுவதைவிட இயந்திரம் பேசாமல் இருந்துவிடும். பிள்ளை அதைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

கரண்டியால் பரிமாறும் உணவுக்குக் கோடு ஏது? மலிவான வழி, பிள்ளையே திரையில் படத்தைத் தொடுவது. முழுச் சாப்பாட்டுக்கு ஒரே விலை என்று வைத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம். இன்னொன்று, தட்டின் அடியில் மின்னணுச் சில்லு பதிப்பது. அடுக்கி வைத்தாலும் எல்லாத் தட்டுகளையும் ஒரே நொடியில் படித்துவிடும். ஆனால் அதற்குத் தெரிவது தட்டுதான், தட்டில் இருப்பதல்ல. விலை உயர்ந்ததைச் சின்னத் தட்டில் குவித்துக்கொண்டால் சின்னத் தட்டின் விலைதான்.

மூன்றாவது, கேமரா. ஜப்பானிய ரொட்டிக் கடைகளுக்காக 2013இல் வந்த ஓர் இயந்திரம் இதில் முன்னோடி. சந்தேகம் வந்தால் அந்த ரொட்டியைத் திரையில் வேறு நிறத்தில் கட்டம் கட்டிக் காட்டி, 'இது சரியா?' என்று ஆளைக் கேட்கும். (அதே உத்தியைப் பிறகு புற்றுநோய்ச் செல்களைத் தேடவும் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி.) ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மறைத்தால் கேமராவும் தோற்றுவிடும். எந்த வகையானாலும் வரிசையின் முடிவில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: அட்டையைத் தொலைக்கிறார்கள் என்று கைரேகை கேட்கிறது பள்ளி. கொடுக்கலாமா? (ஒரு தந்தை)

பதில்: பொதுவாக விரலின் படத்தை வைத்திருப்பதில்லை, ரேகை முடியும் இடம், பிரியும் இடம் ஆகியவற்றை எண்களாக்கி வைப்பார்கள். இருந்தாலும் மறுக்க உங்களுக்கு இடம் இருக்க வேண்டும். பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2012இல் இயற்றிய சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவரின் ரேகையை எடுக்கப் பெற்றோரில் ஒருவராவது எழுதித் தர வேண்டும். மாணவரே மறுத்தால் பெற்றோர் சம்மதித்தும் பயனில்லை. பள்ளி வேறு வழி செய்து தந்தாக வேண்டும். 2021 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் நார்த் அயர்ஷயரில் 9 பள்ளிகள் முகத்தைப் பார்த்துக் கணக்கெழுதத் தொடங்கி, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தன.

என் கட்சி அட்டைதான். அதற்குள் பேட்டரிகூடக் கிடையாது. கருவியின் அருகே கொண்டுபோனதும் அதன் காந்தப்புலத்திலிருந்தே சக்தி வாங்கி, தன் எண்ணைச் சொல்லிவிடும். தொலைந்தால் அந்த எண்ணை ரத்து செய்துவிட்டு வேறொன்று தரலாம். விரலுக்கு அந்த வசதி இல்லை. நான்கு இலக்க ரகசிய எண்ணும் உண்டு. ஆனால் அது வகுப்பு முழுவதற்கும் தெரிந்த ரகசியம். எண்ணை அழுத்தியதும் திரையில் மாணவரின் புகைப்படம் வருமாறு செய்திருப்பது அதனால்தான்.

கேள்வி: கணக்கில் பணம் தீர்ந்துவிட்டால் எல்லார் முன்னாலும் பிள்ளைக்கு அவமானம் ஆகாதா? (ஒரு பாட்டி)

பதில்: ஆகும்படியும் வைக்கலாம், ஆகாதபடியும் வைக்கலாம். எல்லாம் அமைப்புகள் பக்கத்தில் இருக்கிறது. குறைந்த இருப்புக்குத் தனியாக ஓர் அலறலை வைத்திருந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். பொருத்தியவர் பசியோடு வரிசையில் நின்றதே இல்லை போலும். எல்லாருக்கும் ஒரே பச்சைக் குறி வரட்டும், பாக்கிச் செய்தி பெற்றோருக்குப் போகட்டும். இலவச உணவு பெறும் பிள்ளையும் அதே அட்டையைத்தான் காட்டுகிறது என்பதால், யாருக்கு இலவசம் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இந்த இயந்திரத்தில் நான் மனமாரப் பாராட்டுவது இது ஒன்றைத்தான்.

ஒவ்வாமை எச்சரிக்கை நேர்மாறாக இருக்க வேண்டும். நிலக்கடலை ஆகாத பிள்ளை அதைத் தொட்டால் திரை சிவந்து, ஊழியர் வந்து விடுவிக்கும்வரை நகரக் கூடாது. பிள்ளை தவறான படத்தைத் தொட்டால் எச்சரிக்கையே வராது என்பதையும் உங்கள் பள்ளியிடம் நினைவூட்டுங்கள்.

கேள்வி: இணையம் போனால் பட்டினியா? (ஒரு மாணவன்)

பதில்: இல்லை தம்பி. நல்ல இயந்திரம் கணக்கைத் தன்னிடமே எழுதிவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் உண்டு என்பதால் இரண்டு முறை பணம் எடுக்காது. மின்சாரமே போனால் நோட்டும் பென்சிலும். இழுப்பறையில் இரண்டையும் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்புவேன். அடுத்த முறை போனால் பென்சில் இருக்காது.