குழந்தையைத் தொடுவதற்கு முன் மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: பெரியவர்களுக்கான பொது மருத்துவ வார்டில் நான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். அடுத்த மாதம் முதல் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரியவர்கள் என்றால் ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். சொல்லத் தெரியாத குழந்தையின் நிலை மோசமாகிக்கொண்டிருப்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மருந்து அளவில் தவறிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. எதிலிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?

பதில்: மூச்சிலிருந்து தொடங்குங்கள். நாடி, காய்ச்சல், இரத்த அழுத்தம் எல்லாம் பிறகு வரட்டும். நிலை மோசமாகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதயம் முதலில் நின்றுவிடுவதில்லை. மூச்சு திணறியோ, உடலில் நீர் வற்றி இரத்த ஓட்டம் குறைந்தோ, அதன் முடிவாகத்தான் இதயம் சோர்கிறது. அதற்கு முன் சில மணி நேரமாவது அறிகுறிகள் தெரிந்துகொண்டே இருக்கும். அவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் குழந்தை பேசாதது உங்களுக்குப் பெரிய தடையாக இராது.

கட்டிலுக்குச் சில அடி தள்ளி நின்று அரை நிமிடம் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே இருக்கட்டும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: குழந்தையின் தோற்றம், அது மூச்சுவிடப் படும் பாடு, தோலின் நிறம். இதைக் குழந்தை மதிப்பீட்டு முக்கோணம் என்று பயிற்சிகளில் சொல்லித்தருவார்கள். தோற்றம் என்பது கைகால் துடிப்பு, தாயின் முகத்தை நாடும் பார்வை, அழுகையின் வலு. உங்களைக் கண்டதும் வீறிட்டு அழுது தாயின் தோளில் முகம் புதைக்கும் குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் போய்ச் சேர்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். ஊசி குத்தும்போதும் கையை இழுக்காமல் கிடக்கும் குழந்தைதான் என்னை ஓட வைக்கும். ‘சமத்தாக இருக்கிறான்’ என்று ஷிப்ட் மாறும்போது யாராவது சொன்னால், அந்தச் சமத்து தூக்கமா, களைப்பா, நினைவு மங்கலா என்று போய்ப் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இனி மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கத்தைப் பெரியவர் வார்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. சில வினாடிகள் நின்று பிறகு விரைவாக ஓடும். அந்த நிறுத்தம் இயல்பானது. 20 வினாடியோ அதற்கு மேலோ நின்றாலும், நிற்கும்போது உடல் நீலம் பாய்ந்தாலும் அது ஆபத்து.

உலக சுகாதார அமைப்பு வகுத்த எல்லைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. இருமலோடு இந்த வேகமும் இருந்தால் நிமோனியாவாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டுகிறது? பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 மி.மீ. அகலம்தான். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் அகலம் பாதியாகிவிடும். காற்று சீராக ஓடும் குழாயில் தடை ஆரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதமாகக் கூடும் என்பதால், பாதியான குழாயில் அது பதினாறு மடங்காகிறது. அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்போடு முடிந்துவிடும். போதாததற்கு, பிறந்த சில மாதங்கள்வரை குழந்தை பெரும்பாலும் மூக்கின் வழியாகவே மூச்சுவிடும். சளியால் மூக்கடைத்தால் பாலும் குடிக்க முடியாது, மூச்சும் திணறும். பால் குடிப்பதை அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்கும் குழந்தைக்கு, மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு மெதுவாகச் சளியை எடுத்துவிட்டாலே மூச்சின் எண்ணிக்கை இறங்குவதைப் பார்ப்பீர்கள். செவிலியர் தம் கையால் உடனே தரக்கூடிய இப்படிப்பட்ட சிகிச்சைகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எண்ணிக்கையோடு உழைப்பையும் பாருங்கள். மூக்குத் துளைகள் விரிகின்றனவா, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழ் விலாப்பகுதி உள்வாங்குகிறதா, மூச்சோடு சேர்ந்து தலை ஆடுகிறதா, மூச்சை விடும்போது முனகல் கேட்கிறதா? முனகல் வெறும் அழுகை ஒலியன்று. நுரையீரலின் காற்றறைகள் மூடிவிடாமலிருக்கக் குழந்தையே தொண்டையைப் பாதி மூடி அழுத்தம் கொடுக்கும்போது எழும் ஒலி அது. கேட்டவுடன் மருத்துவரை அழையுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காலையில் 70 மூச்சு எடுத்த குழந்தை மாலையில் 40 எடுத்தால் குணமாகிறது என்றும் இருக்கலாம், களைத்துப்போனது என்றும் இருக்கலாம். வேறுபாட்டைக் காட்டுவது தோற்றம். மூச்சு குறைந்ததோடு குழந்தை விளையாடி, பால் கேட்டு அழுதால் நிம்மதி. மூச்சு குறைந்து, கண் சொருகி, நெஞ்சில் காற்று போகும் ஒலியும் மங்கினால் அது மூச்சு நிற்கப்போவதன் முன்னறிவிப்பு. ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அந்த எண் கடைசிவரை நன்றாகவே இருக்கக்கூடும்.

இரத்த ஓட்டத்துக்கு வருவோம். பெரியவர் வார்டில் இரத்த அழுத்தம் இறங்கினால்தான் அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலை, என்று பலரும் பழகியிருப்பார்கள். இங்கே அந்தப் பழக்கம் உயிரைக் குடிக்கும். சிறு குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சமாளிக்கும். கூடவே கைகால்களின் இரத்தக் குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைத் திருப்பிவிடும். அதனால் நிறைய நீர் வற்றிய பிறகும் அழுத்தம் இயல்பாகவே தெரியும். அது இறங்கும்போது குழந்தை சமாளிக்கும் எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். எனவே, காரணமில்லாமல் நாடி விரைந்தாலே சந்தேகப்படுங்கள். குழந்தை அமைதியாக இருந்து, காய்ச்சலும் இறங்கிய பிறகு நாடி வேகம் குறையாவிட்டால் இன்னும் அதிகமாக. உள்ளங்கால் குளிர்ந்திருக்கிறதா, குளிர்ச்சி முழங்கால்வரை ஏறிவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். நெஞ்செலும்பின் மேல் விரலால் ஐந்து வினாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்குமேல் ஆனால் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

அழுத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று முதல் பத்து வயதுவரை, மேல் அழுத்தத்தின் கீழ் எல்லை 70 கூட்டல் வயதின் இருமடங்கு. நான்கு வயதுக் குழந்தைக்கு 78. ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்கு 70, பிறந்து ஒரு மாதத்துக்குள் 60. அளக்கும் பட்டை மேற்கைக்குப் பொருந்த வேண்டும். பட்டை சிறிதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். நாடி மெதுவாவதும் சிறு குழந்தையிடம் நல்ல செய்தியன்று. மூச்சுக்கு உதவி, ஆக்சிஜன் கொடுத்த பிறகும் நாடி 60-க்குக் கீழே இருந்து, உடல் வெளுத்திருந்தால் நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். முற்றாக நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் மருந்துப் பயத்துக்கு விடை எடை இயந்திரத்தில் இருக்கிறது. என் கருத்தில் குழந்தைகள் வார்டில் மிகவும் புறக்கணிக்கப்படும் கருவி அதுதான். தாய் சொன்ன எடை, போன மாதச் சீட்டில் இருந்த எடை, பார்வைக்குத் தோன்றிய எடை இவற்றை வைத்து ஒருபோதும் கணக்குப் போடாதீர்கள். சேர்க்கும்போதே துணி, டயப்பர் களைந்து எடை பாருங்கள். தினமும் ஒரே இயந்திரத்தில், ஒரே நேரத்தில் பாருங்கள். கிலோவில் எழுதி, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். மருந்து, டிரிப், பால் மூன்றின் அளவும் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இதுவரை எளிது. ஆனால் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு; கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கலாம். அதே 150 மி.கி. முதலாவதில் 6.25 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., மூன்றாவதில் 1.5 மி.லி. ‘ஆறு மில்லி கொடுங்கள்’ என்ற வாய்மொழிச் சொல்லை நம்பிச் சொட்டு மருந்தில் ஆறு மில்லி கொடுத்தால் 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு, உள்ளே போய்விடும். ஆகவே மில்லியில் வரும் உத்தரவை ஏற்காதீர்கள், மில்லிகிராமில் கேளுங்கள். புட்டியைக் கையில் எடுத்து அடர்த்தியைப் படியுங்கள். தாய்க்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போதும் கரண்டிக் கணக்குச் சொல்லாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பத்து மடங்குத் தவறு தசமப் புள்ளியில் ஒளிந்திருக்கிறது. 0.5 என்று எழுதுங்கள். முன்னால் பூச்சியம் இல்லாத ‘.5’ அவசரத்தில் 5 ஆகிவிடும். 5 என்றால் 5 என்றே எழுதுங்கள், ‘5.0’ கண்ணுக்கு 50 ஆகத் தெரியும். நரம்பு வழியே செலுத்தும் மருந்தை இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்கிட்டு, பிறகு இரு விடைகளையும் ஒப்பிடுங்கள். உங்கள் விடையைக் காட்டி ‘சரிதானே?’ என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

டிரிப் அளவுக்கு 1957-இல் ஹாலிடே, சீகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தந்த கணக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஒரு நாளைக்கு, முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50, அதற்குமேல் கிலோவுக்கு 20. 14 கிலோ குழந்தைக்கு 1200 மி.லி., மணிக்கு 50. உத்தரவில் உள்ள அளவு இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெளியேறுவதையும் அளக்க வேண்டும். நனைந்த டயப்பரின் எடையில் உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று சிறுநீர் அளவு கிடைக்கும். மணிக்கு, கிலோவுக்கு 1 மி.லி.க்குக் கீழே போனால் சொல்லுங்கள். பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தத்தையும் கணக்கில் வையுங்கள். கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. இரத்தம்தான், 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே கால் லிட்டர் அளவு. தேவைக்குமேல் எடுக்கும் ஒவ்வொரு மில்லியும் அங்கே கணக்கில் வரும்.

வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை வாய்வழி கொடுத்தாலே பெரும்பாலும் போதும். ஓரளவு நீர் வற்றியிருந்தால் முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி., கரண்டியில் சிறிது சிறிதாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாகம் 10 முதல் 14 நாள்: ஆறு மாதத்துக்குட்பட்டவர்க்கு 10 மி.கி., மேற்பட்டவர்க்கு 20 மி.கி. குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் இரண்டு வினாடிக்கு மேல் மடிந்தே நின்றாலோ கரண்டியோடு நேரம் போக்க வேண்டாம். நரம்பு வழி வேண்டும்.

காய்ச்சலைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் இருந்தால் மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரிய குழந்தைகளிடம் எண்ணைவிடத் தோற்றம் முக்கியம். மருந்தின் நோக்கம் குழந்தைக்கு இதம் தருவது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி என்ற ஆபத்து இருப்பதால் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் நுழைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருந்து தேவை. வலிப்போ மயக்கமோ வந்த எந்தக் குழந்தைக்கும் இரத்தச் சர்க்கரையை உடனே பார்த்துவிடுங்கள். சிறு குழந்தையின் கல்லீரலில் சேமிப்பு குறைவு. சில வேளை பால் குடிக்காவிட்டாலே சர்க்கரை இறங்கிவிடும்.

குழந்தையைத் தாயின் மடியில் வைத்தே பரிசோதியுங்கள். பார்ப்பது, எண்ணுவது, கேட்பது முதலில். தொண்டை, காது, ஊசி கடைசியில். ஊசி போடும்போது ‘வலிக்காது’ என்று சொல்லாதீர்கள். ‘கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், அம்மா கையைப் பிடித்துக்கொள்’ என்று உண்மையைச் சொன்னால் மறுநாள் அந்தக் குழந்தை உங்களை நம்பும். பேசத் தெரியாதவர்களின் வலியை அளக்க, முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, ஆறுதல் அடையும் தன்மை ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் பெற்றோரைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வார்டுக்குள் விட்டார்கள். அந்தப் பிரிவு குழந்தைகளை எவ்வளவு வதைக்கிறது என்பது வெளிப்பட்ட பிறகு, பிரிட்டனில் 1959-இல் வந்த பிளாட் அறிக்கை தடையற்ற பார்வை நேரத்தைப் பரிந்துரைத்தது. தாய் உடன் இருப்பது குழந்தைக்கு ஆறுதல், உங்களுக்கோ இரண்டாவது ஜோடிக் கண். ‘இவன் எப்போதும் இப்படி இருக்க மாட்டான்’ என்று அவர் சொன்னால், உங்கள் அட்டவணையில் எல்லா எண்களும் சரியாக இருந்தாலும், அவர் சொன்ன வார்த்தைகளையே நேரத்தோடு எழுதிவிட்டு மூச்சை மறுபடி எண்ணுங்கள். மருத்துவரை அழைக்கும்போது வயது, எடை, மூச்சு, நாடி, தோற்றம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். கடைசியாக, தாய் கவலைப்படுகிறார் என்பதையும் சொல்லுங்கள். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், எத்தனை மணிக்குள் வருவார் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் கடந்தும் குழந்தை தேறாவிட்டால் அவருக்கு மேலுள்ளவரை அழைக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.