அகர வரிசையில் கெட்டுப்போன ஆல்பம்

கேள்வி: ஒரு காலத்தில் கேட்டுவிட்டு ஒதுக்கிவைத்து, பல வருஷம் கழித்து மறுபடி கேட்டபோது பிடித்துப்போன ஆல்பம் ஏதாவது உண்டா?

உண்டு. தி டிபீஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1981-ல் வெளியிட்ட முதல் ஆல்பம், 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபெல்ஸ்'. பெயரில் இருக்கிற 'டிபி' எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்டிருப்பார்கள் போல, 'டெசிபெலைக் குறிக்கும்' (டெசிபெல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) என்ற பதிலையே ஆல்பத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில் அறையில் உடன் தங்கியிருந்த நண்பர் ஒருவர் பென்டிரைவ் நிறையப் பாட்டு கொடுத்தார். அதில் இந்த ஆல்பமும் ஒரு ஃபோல்டராக இருந்தது. பாட்டுகளுக்கு வரிசை எண் கிடையாது, வெறும் பெயர்கள்தான். நான் வைத்திருந்த பிளேயர் அவற்றை ஆங்கில அகர வரிசையில் அடுக்கிவிட்டது. அதன் விளைவு என்ன என்பது பதினான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வரிசையில் முதல் மூன்று பாட்டுகள் 'பேட் ரெபுடேஷன்', 'பிக் ப்ரவுன் ஐஸ்', 'ப்ளாக் அண்ட் ஒயிட்'. மூன்றுமே குழுவில் ஒருவரான பீட்டர் ஹோல்சாப்பிள் எழுதியவை. முதல் தடவையே காதில் ஒட்டிக்கொள்ளும், குளிக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும். அதற்கு அடுத்து 'சைக்கிள்ஸ் பெர் செகண்ட்', 'டைனமைட்', 'எஸ்பியனேஜ்', 'ஐ ஆம் இன் லவ்' என்று நான்கு கோணல் பாட்டுகள் தொடர்ந்து வந்தன, நான்குமே குழுவின் இன்னொருவரான கிறிஸ் ஸ்டேமி எழுதியவை. மெட்டு ஒரு பக்கம் போக, தாளம் இன்னொரு பக்கம் இழுக்கும். ஓட ஆரம்பித்ததும் காலைப் பிடித்து நிறுத்தும். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். அப்புறம் முதல் மூன்றை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு மீதியை மறந்துவிட்டேன். "மூணு பாட்டு நல்லா இருக்கு, மத்ததெல்லாம் சும்மா" என்று நண்பரிடம் தீர்ப்பும் சொன்னேன்.

2024-ல் இந்த ஆல்பத்தை மறுபடி எல்.பி. இசைத்தட்டாக வெளியிடுகிறார்கள் என்ற செய்தி கண்ணில் பட்டது. சரி, ஒரு தடவை முழுசாகக் கேட்போம் என்று ஸ்ட்ரீமிங்கில் போட்டேன். முதல் பாட்டே 'ப்ளாக் அண்ட் ஒயிட்'! நான் மூன்றாவதாகக் கேட்டுப் பழகிய பாட்டு. அதன் பின்னாலேயே 'டைனமைட்', அடுத்து 'ஷீ இஸ் நாட் வொரீட்', அப்புறம் மறுபடி ஹோல்சாப்பிளின் 'தி ஃபைட்'. சாப்பாட்டில் ரசத்தையும் பாயசத்தையும் தனித்தனி நாளில் சாப்பிட்டுவிட்டு விருந்தைக் குறை சொன்னவன் கதையாகிவிட்டது என் கதை.

இந்தக் குழுவில் எழுதுகிறவர்கள் இரண்டு பேர், இரண்டு குணம். ஹோல்சாப்பிளின் பாட்டு வாசலில் நின்று கைகுலுக்கும். கிறிஸ் ஸ்டேமியின் பாட்டு பின்வாசல் வழியாக வந்து ஒரு மூலையில் உட்காரும், நாம்தான் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும். இரண்டும் மாறி மாறி வருவதில்தான் ஆல்பத்தின் உயிரே இருக்கிறது. ஹோல்சாப்பிளை மட்டும் கேட்டால் நல்ல பாப். ஸ்டேமியை மட்டும் தொடர்ந்து கேட்டால் தலைவலி, அதை நானே அனுபவித்திருக்கிறேன்.

இந்த ஆல்பத்தில் பவர் பாப், நியூ வேவ் என்று இரண்டு வகை ராக் கலந்திருக்கிறது. பவர் பாப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பீட்டில்ஸ் பாணி இனிமையான மெட்டு, சேர்ந்து பாடும் குரல்கள், அதன் அடியில் முரட்டுக் கிடார், எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967-லேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். நியூ வேவ் என்பது பங்க் என்ற முரட்டு ராக்கின் 1976-77 அலைக்குப் பின்னால் வந்த வெட்டு வெட்டான தாளம், கீபோர்டு, கொஞ்சம் கிண்டல். தோராயமாகச் சொன்னால் இந்த ஆல்பத்தில் ஹோல்சாப்பிள் முதல் வகை, ஸ்டேமி இரண்டாவது வகை. அவ்வளவு சுத்தமாகவும் பிரிக்க முடியாது. ஸ்டேமியின் 'ஷீ இஸ் நாட் வொரீட்' பாட்டில் பீச் பாய்ஸ் குழுவின் வாசனைதான் தூக்கலாக இருக்கும்.

'ப்ளாக் அண்ட் ஒயிட்' ஒன்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். விஷயம் என்னவோ பிரிவுதான். ஒருவருக்கு ஒருவர் சலித்துப்போய்விட்ட ஒரு ஜோடி. ஆனால் பாட்டு துள்ளுகிறது. கிடார் மணி மணியாகச் சிதற, அதற்குக் கீழே வில் ரிக்பியின் டிரம்ஸ் ஓர் இடத்தில்கூடச் சும்மா தாளம் மட்டும் போடவில்லை. பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் புகுந்து எதையாவது சொல்லிவிட்டுப் போகிறார். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்ட காலத்தில் இதெல்லாம் வெறும் இரைச்சல் எனக்கு. நல்ல ஹெட்ஃபோனில் ஜீன் ஹோல்டரின் பேஸ் கிடார் தனியாகக் காதில் விழுந்தபோதுதான், நான் கோணல் என்று நினைத்த 'சைக்கிள்ஸ் பெர் செகண்ட்' உண்மையில் அந்த பேஸைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பாட்டு என்று தெரிந்தது. (இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு சின்னச் சிரிப்பு: ஹெர்ட்ஸ் என்ற அலகின் பழைய பெயர்தான் அது. தலைப்பில் டெசிபெல், உள்ளே ஹெர்ட்ஸ்.)

சரி, இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் விலைபோகவில்லை? நால்வரும் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் பக்கத்துப் பையன்கள், 1978-ல் நியூயார்க்கில் குழுவாகச் சேர்ந்தவர்கள். ஆல்பத்தை அவர்களோடு சேர்ந்து தயாரித்தவர் 'நியூயார்க் ராக்கர்' பத்திரிகையைத் தொடங்கிய ஆலன் பெட்ராக். இவ்வளவும் அமெரிக்கா. ஆனால் வெளியிட்டது அல்பியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அமெரிக்காவில் இதை வெளியிட அப்போது யாருமே இல்லை. சொந்த ஊர்க்காரன் இந்தத் தட்டை வாங்க வேண்டுமானால் இறக்குமதிச் சரக்காகத்தான் வாங்க வேண்டும். அதே 1981-ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ரிபெர்கஷன்' கதையும் இதுதான்.

நேரமும் சரியில்லை. 1979-ல் தி நேக் குழுவின் 'மை ஷரோனா' என்ற பவர் பாப் பாட்டு அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. உடனே எல்லா நிறுவனங்களும் அவர்களைப் போலவே ஒல்லி டை கட்டிய பையன்களைத் தேடி ஓடின. சீக்கிரமே கேட்பவர்களுக்குத் திகட்டிவிட்டது, தி நேக் பெயரைச் சொன்னாலே கேலி என்றாகிவிட்டது. அந்த அலை வடிந்த கரையில் வந்து இறங்கியது இந்த ஆல்பம்.

இதில் எனக்கு மனசு கனக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஸ்டேமிக்கு இந்த மாதிரிக் கதை புதிதல்ல. மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழு 1972-லும் 1974-லும் அற்புதமான இரண்டு ஆல்பம் போட்டு, விநியோகக் குளறுபடியால் கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேராமல் முடங்கியது. அந்தக் குழுவின் அலெக்ஸ் சில்டனோடு நியூயார்க்கில் பேஸ் வாசித்தவர் ஸ்டேமி. அதே குழுவிலிருந்து விலகிய கிறிஸ் பெல்லின் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' பாட்டை 1978-ல் தன்னுடைய சின்ன லேபிளான 'கார் ரெக்கார்ட்ஸ்' மூலம் வெளியிட்டவரும் அவர்தான். அந்த வருஷக் கடைசியிலேயே கார் விபத்தில் பெல் இறந்துபோனார். யாரும் கவனிக்காத ஒருவரின் பாட்டை உலகத்துக்குக் கொடுத்த ஆளுக்கு, மூன்று வருஷத்தில் தன் பாட்டுக்கும் அதே நிலைமை.

குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். 'டியர்ஜெர்க்கின்' இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சில இடங்களில் 'பார், நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள்' என்ற தோரணை எட்டிப்பார்க்கிறது. இதையெல்லாம் வாரக்கணக்கில் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

பீட்டர் ஹோல்சாப்பிளை நீங்களும் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆர்.ஈ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' (1991) பாட்டில் மேண்டலினுக்குப் பின்னால் ஓடுகிற அக்கூஸ்டிக் கிடார் அவர் வாசித்தது. உலகமே கேட்ட பாட்டு, அவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

கேட்பதாக இருந்தால் தயவுசெய்து ஷஃபிள் போடாதீர்கள். கடைசிப் பாட்டு 'மூவிங் இன் யுவர் ஸ்லீப்', பக்கத்தில் தூங்குகிறவரைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடக்கிற ஒருவனின் பாட்டு, மெதுவானது. பத்துப் பாட்டுத் துள்ளலுக்கும் தடுமாற்றத்துக்கும் பிறகு வந்தால்தான் அந்த அமைதிக்கு அர்த்தம். என் பிளேயரில் அது 'ஐ ஆம் இன் லவ்' பாட்டுக்கும் 'ஷீ இஸ் நாட் வொரீட்' பாட்டுக்கும் நடுவில் எட்டாவதாக மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய ஃபோல்டர் ஹார்டு டிஸ்க்கில் இன்னும் இருக்கிறது. போன மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டேன்.