கொள்ளுத்தாத்தா கிரீன்வுட்டா, புவாவேரா?

கேள்வி: என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். மருமகன் அமெரிக்கர். அவருடைய கொள்ளுத்தாத்தா மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல் ஊர்ப் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பெயர் கிரீன்வுட். ஆனால் பூர்வீகம் கனடாவின் பிரெஞ்சுக் குடும்பம் என்கிறார்கள். பேரனுக்காக வம்சாவளி எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
- வாசகர், பாலக்கோடு

பதில்: கிரீன்வுட் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு கனடாவின் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 1840-க்கும் 1930-க்கும் இடையில் ஏறத்தாழ 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். அங்கே பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, புவாவேர் கிரீன்வுட் ஆனார், ருவா கிங் ஆனார், லெப்லான் வொயிட் ஆனார். காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதிவைத்த பெயர்களும் ஏராளம்.

முதலில் கொள்ளுத்தாத்தாவின் அமெரிக்கத் திருமணப் பதிவை எடுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலப் பதிவுகள் 1841-லிருந்து உள்ளன. அதே கல்யாணம் அந்த ஊர் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டிலும் இருந்தால் அதையும் பாருங்கள். சாமியார் பெரும்பாலும் பழைய பெயரைத்தான் எழுதியிருப்பார்.

பிறகு கியூபெக். அங்கே ஞானஸ்நானப் பதிவை விடத் திருமணப் பதிவுதான் உதவும். மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா அம்மா பெயர், அவர்களுடைய பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பது) எல்லாம் அதில் வரும். அம்மா பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார். நம்மூரில் கல்யாணத்தோடு பெண்ணின் இனிஷியல் மாறிவிடுவதால் பாட்டிமார் வழி சீக்கிரமே அறுந்துபோகிறது. அங்கே அந்தத் தொல்லை இல்லை. ஒரு பதிவு கிடைத்தால் மேலே இரண்டு கல்யாணங்களுக்கு வழி தெரியும். கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும், அங்கேயே முதலில் தேடுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் 1621 முதலான கத்தோலிக்கப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. ஒன்று, மறுமணம். அதில் பெற்றோர் பெயருக்குப் பதில் இறந்துபோன துணையின் பெயர் மட்டும் இருக்கும். முதல் கல்யாணத்தைத் தேடித்தான் மேலே ஏற முடியும். இரண்டு, 'தி' (dit, 'என்கிற') என்ற பிரெஞ்சுச் சொல்லால் இணைந்த இரட்டைப் பெயர், உதாரணமாக 'உதோன் தி போலியூ'. 1665-ல் வந்த கரிஞ்ஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படையின் வீரர்களுக்கு இப்படிப் பட்டப்பெயர்கள் இருந்தன. பிள்ளைகளில் அண்ணன் முன்பாதியையும் தம்பி பின்பாதியையும் வைத்துக்கொள்வது சகஜம், அதனால் இரண்டையும் தேடுங்கள். மூன்று, ஞானஸ்நானப் பெயர். ஆணுக்கு ஜோசப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் கடைசியில் இருக்கும். குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர் வைப்பதுண்டு. ஆகவே அடக்கப் பதிவைப் பார்க்காமல் தேதியை முடிவு செய்யாதீர்கள்.

திருமணப் பதிவில் எத்தனை ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கப்பட்டது என்பதோடு உறவுமுறை விலக்கும் குறிக்கப்பட்டிருக்கும். நம் பக்கம் மாமன் மகளைக் கட்டுவதற்கு யாரும் விலக்கு கேட்பதில்லை. அங்கே அந்தக் காலத்தில் நான்காம் படி உறவுக்கே திருச்சபை அனுமதி வேண்டியிருந்தது. மூன்றாம் படி என்றிருந்தால் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பொது. மற்ற பதிவுகள் தொலைந்த குடும்பத்தில் இந்த ஒரு வரியே வழிகாட்டும்.

1679 முதல் பதிவேடு இரண்டு பிரதியாக எழுதப்பட்டது. ஒன்று கோயிலில், இன்னொன்று நீதிமன்றத்தில். ஒன்றில் மை அழிந்திருந்தால் மற்றதைக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மாண்ட்ரியலில் குடியிருக்கும் என் மகளுக்கு அங்கேயே கல்யாணம். கணவர் பெயரைத் தன் பெயரோடு சேர்க்கலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணச் சட்டப்படி முடியாது. 1981 முதல் அங்கே மனைவி தன் பிறப்புப் பெயரிலேயே எல்லா உரிமைகளையும் பயன்படுத்த வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் மட்டும் மாற்றினால் மாகாண அட்டைகளோடு ஒத்துவராமல் அலைச்சல்தான். குழந்தைக்கு அப்பா பெயர், அம்மா பெயர் அல்லது இரண்டையும் இணைத்து வைக்கலாம், இரண்டு பகுதிக்கு மேல் கூடாது. மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கனடிய ஆவணங்களில் அவள் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். அப்படியிருந்தால் கல்யாணத்துக்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.