எக்ஸ் பதிவு ஒன்றுக்கு வந்த ரிப்ளைகளில் வேண்டியதை மட்டும் தேடி எடுப்பது எப்படி?

கேள்வி இது: ஒரு பதிவின் கீழே 400 ரிப்ளை என்று எண் காட்டுகிறது, தள்ளிக்கொண்டே போனால் முப்பது நாற்பதோடு நின்றுவிடுகிறது, எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு ரிப்ளை, என்ன செய்வது?

பொறுமையாக ஸ்க்ரோல் செய்தால் கிடைக்கும் என்பவர்களை நம்பாதீர்கள். கிடைக்காது. பதிவின் கீழே தெரிவது ரிப்ளைகளின் முழுப் பட்டியல் இல்லை, தளம் உங்களுக்கென்று பொறுக்கி அடுக்கியது. அந்த அடுக்கில் காசு கட்டி நீல டிக் வைத்திருப்பவர்களுக்கு முன்வரிசை உண்டு. அந்த நிறுவனமே சந்தாவின் சலுகை என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதுதான் இது, என் கற்பனை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் சின்ன வேலை ஒன்று. ரிப்ளைகளுக்கு மேலே வரிசைமுறையை மாற்றும் இடம் இருக்கிறது. வழக்கமாக 'ரெலவன்ட்' என்பதில் நிற்கும், அதைப் புதியவை முதலில் வரும்படி மாற்றுங்கள். பிறகு அடிவரை இறங்கினால், ஸ்பேமாக இருக்கலாம் என்றோ புண்படுத்தக்கூடியவை என்றோ ஒதுக்கிய ரிப்ளைகளைக் காட்டவா என்று ஒரு பட்டன் வரும். ஒரு தப்பும் செய்யாத புதுக் கணக்குகளின் ரிப்ளைகள் பாதி அங்கேதான் கிடக்கும். பதிவு போட்டவரே மறைத்த ரிப்ளைகள் வேறு. 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. மூலப் பதிவின் ஓரத்தில் சின்ன ஐகான் ஒன்று தெரிந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். ஐகான் இல்லை என்றால் அவர் எதையும் மறைக்கவில்லை.

ரிப்ளை ஐம்பதுக்குள் இருந்தால் இத்தோடு வேலை முடிந்துவிடும். நானூறு என்றால் பதிவுப் பக்கத்தை விட்டுவிட்டுத் தேடல் பெட்டிக்குப் போங்கள். அதற்கு அந்தப் பதிவின் ஐடி எண் வேண்டும். ஷேர் ஐகானைத் தொட்டு லிங்கை காப்பி செய்து எங்காவது ஒட்டிப் பாருங்கள். 'ஸ்டேட்டஸ்' என்ற சொல்லுக்குப் பின் வரும் நீண்ட எண்தான் ஐடி. இப்போதைய பதிவுகளுக்கு 19 இலக்கம். எண்ணுக்குப் பின் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கேள்விக்குறியோடு சேர்த்து வெட்டி எறியுங்கள். லிங்க் எந்த வழியாகப் பகிரப்பட்டது என்று வேவு பார்க்கும் வால் அது, நமக்குத் தேவையில்லை.

இனி தேடல் பெட்டியில் இப்படி (படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்):

கான்வர்சேஷன்_ஐடி:எண்

ஒரு உரையாடலில் உள்ள எல்லாப் பதிவுகளும், ரிப்ளைக்கு வந்த ரிப்ளை உட்பட, முதல் பதிவின் ஐடியைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த எண்ணால் தேடினால் மொத்த உரையாடலும் வரும். நானூறையும் படிக்க முடியாதே என்றால் கூடவே இன்னொன்றைச் சேருங்கள். எழுதியவர் யார் என்று தெரிந்தால் 'ஃப்ரம்:பெயர்'. பெயர் என்றால் அட் குறிக்குப் பின் வரும் கணக்குப் பெயர், குறி இல்லாமல். இரண்டு பேரில் யார் என்று நினைவில்லை என்றால் இரண்டு ஃப்ரம்களுக்கும் நடுவே 'ஆர்' ('அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்) என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் வையுங்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். படம் போட்ட ரிப்ளை என்றால் 'ஃபில்டர்:இமேஜஸ்'. நிறைய லைக் வாங்கியது என்று நினைவிருந்தால் 'மின்_ஃபேவ்ஸ்:50', அதாவது ஐம்பது லைக்காவது இருப்பவை மட்டும்.

ரிப்ளையில் இருந்த ஒரு சொல்லைப் போட்டும் தேடலாம், ஆனால் தமிழில் அது பல நேரம் காலை வாரிவிடும். 'மழை' என்று தேடினால் 'மழையில்', 'மழைக்கு' என்று எழுதியவை சிக்காமல் போகும். நம் மொழியில் சொல்லின் வாலில்தான் எல்லாம் ஒட்டுகிறது, அந்தத் தேடலோ முழுச் சொல்லைப் பார்க்கிறது. வேற்றுமை உருபு ஒட்டாத சொல்லாக, ஒரு ஆள் பெயர், ஒரு எண், ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கக்கூடிய ஒரு சொல் என்று தேர்ந்தெடுங்கள்.

'ஒன்றுமே வரவில்லை' என்று நீங்கள் திரும்பி வரப்போவதால் காரணங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இடைவெளிதான் குற்றவாளி. போன் கீபோர்டு முக்காற்புள்ளிக்குப் பின் தானாக ஓர் இடைவெளி வைத்துவிடும், அல்லது சொல்லை 'திருத்தி' வைக்கும். முக்காற்புள்ளியும் எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும், பிரிந்தால் கட்டளை வெறும் சொல்லாகிவிடும். அடுத்தது, முடிவுகள் 'டாப்' தாவலில் திறக்கும். அதுவும் பொறுக்கி எடுத்ததுதான். பக்கத்திலுள்ள 'லேட்டஸ்ட்' தாவலுக்கு மாறுங்கள். மூன்றாவது, தேடலுக்கென்று தனி செட்டிங்ஸ் இருக்கிறது. சென்சிடிவ் என்று குறிக்கப்பட்டவற்றை மறை, ப்ளாக் மியூட் செய்த கணக்குகளை நீக்கு என்ற இரண்டு டிக்குகள் அதில் இருக்கும். எப்போதோ ஒரு எரிச்சலில் மியூட் செய்த ஆளின் ரிப்ளையைத்தான் இன்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். லாகின் செய்யாமல் முயன்று பயனில்லை, 2023க்குப் பிறகு வெளியாளுக்குத் தேடலும் இல்லை, ரிப்ளைகளும் தெரியாது.

இதைவிடக் குழப்பமான தவறு ஒன்று உண்டு. நீங்கள் ஐடி எடுத்த பதிவே ஒரு த்ரெட்டின், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்த பதிவுகளின், நடுவில் இருக்கும். நடுப்பதிவின் எண்ணைப் போட்டால் தேடல் கைவிரிக்கும், ஏனென்றால் உரையாடலின் அடையாளம் முதல் பதிவின் எண் மட்டும்தான். மேலே மேலே போய் முதல் பதிவைப் பிடித்து அதன் ஐடியைப் போடுங்கள். மேலே 'இந்தப் பதிவு இல்லை' என்று சாம்பல் பெட்டி மட்டும் இருந்தால் வேறு வழி:

டு:பெயர் சின்ஸ்_ஐடி:எண்

அந்த ஆளை நோக்கி, அந்தப் பதிவுக்குப் பின் எழுதப்பட்ட ரிப்ளைகள் என்று இதற்குப் பொருள். எண்ணை வைத்து 'பின்' என்று எப்படித் தெரியும் என்றால், ஐடிக்குள்ளேயே நேரம் பொதிந்திருக்கிறது. 2010 நவம்பரிலிருந்து எக்ஸ், அன்றைய ட்விட்டர், ஐடி எண்ணை மில்லிசெகண்டுக் கணக்கில் உருவாக்குகிறது. ஆகவே பெரிய எண் பிந்தைய பதிவு. குறை என்னவென்றால், அதே ஆளின் மற்றப் பதிவுகளுக்கு வந்த ரிப்ளைகளும் கலந்து வரும். 'சின்ஸ்:' (இந்த நாள் முதல்), 'அன்டில்:' (இந்த நாள் வரை) போட்டு நாளைச் சுருக்குங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், 2024-03-05 போலத் தட்ட வேண்டும். 'சின்ஸ்:' சொல்லும் நாள் முடிவில் சேரும், 'அன்டில்:' சொல்லும் நாள் சேராது. நேரமும் உங்கள் கடிகாரப்படி இல்லை, யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கு. முன்னும் பின்னும் ஒரு நாள் தாராளமாக விடுங்கள்.

பதிவே அழிந்துபோய் லிங்க் மட்டும் கையில் இருந்தால்கூட தேதியைக் கறந்துவிடலாம். ஐடியை 4194304 ஆல் வகுத்து, 1288834974657 ஐக் கூட்டுங்கள். வருவது 1970 தொடக்கத்திலிருந்து கடந்த மில்லிசெகண்டுகள். அதைத் தேதியாக மாற்றித் தரும் யுனிக்ஸ் டைம் கன்வர்ட்டர்கள் இலவசமாகவே இருக்கின்றன. தேதி கிடைத்ததும் மேலே சொன்ன 'டு:' தேடலில் வைத்துப் பாருங்கள். மூலம் அழிந்தாலும் மற்றவர்கள் எழுதிய ரிப்ளைகள் அழிவதில்லை. 2010 நவம்பருக்கு முந்தைய எண்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். லிங்க் தராமல் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் பகிர்கிறவர்கள், அதிலும் தேதி தெரியும் அடிவரியை வெட்டிவிட்டுப் பகிர்கிறவர்கள், தேடுகிறவனின் பாதி நாளைத் தின்கிறார்கள். ஐடியும் இல்லை, நாளும் இல்லை, சில நேரம் கணக்குப் பெயர்கூடப் பாதிதான். அசல் பதிவு உண்மையா, யாராவது தட்டிச் செய்த படமா என்றுகூடச் சொல்ல முடியாது. லிங்க் ஒட்டினால் விரல் தேய்ந்துவிடுமா?

நீங்கள் தேடுவது ரிப்ளையாகவே இல்லாமலும் போகலாம். 2020 முதல் யார் ரிப்ளை போடலாம் என்று பதிவு போடுபவர் கட்டுப்படுத்த முடியும். அடைத்த கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கோட் செய்துதான், அதாவது அந்தப் பதிவைத் தங்கள் பதிவுக்குள் மேற்கோளாக வைத்துத்தான், பேசுவார்கள். கோட் என்பது தனி உரையாடல், கான்வர்சேஷன் தேடலில் வராது. 'கோட்டட்_ட்வீட்_ஐடி:எண்' என்று தேடுங்கள், அல்லது பதிவின் லிங்க் முடிவில் ஒரு சாய்கோடும் 'கோட்ஸ்' என்ற சொல்லும் சேர்த்து ப்ரௌசரில் திறங்கள்.

இவ்வளவும் உளவு வேலை என்று யாராவது கிளம்புவார்கள். பொதுவில் எழுதியதைப் பொதுத் தேடலில் தேடுவதில் உளவு எங்கே வந்தது? பூட்டிய கணக்கின் ரிப்ளைகள் அவர்களைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டுமே தெரியும், அதை உடைக்கும் வழி இதில் எதுவும் இல்லை. எண் 400 காட்டி நீங்கள் 370 மட்டும் பிடித்தால், மிச்சத்தில் பூட்டியவையும் முடக்கப்பட்டவையும் இருக்கும். விட்டுவிடுங்கள்.

நீங்களே எழுதிய ரிப்ளையைத் தேடுகிறீர்கள் என்றால் கதை சுலபம். செட்டிங்ஸில் உங்கள் கணக்குப் பகுதிக்குப் போய், தரவுத் தொகுப்பைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வரும் ஜிப் ஃபைலை விரித்தால் டேட்டா ஃபோல்டரில் ட்வீட்ஸ் என்ற ஜேஎஸ் ஃபைல் இருக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து மூலப் பதிவின் ஐடியை அப்படியே ஒட்டித் தேடுங்கள். நீங்கள் எந்தப் பதிவுக்கு ரிப்ளை போட்டீர்களோ அதன் எண் ஒவ்வொரு ரிப்ளையோடும் சேமிக்கப்பட்டிருப்பதால் நேராக அந்த வரியில் போய் நிற்கும். மற்றவர்கள் உங்களுக்குப் போட்ட ரிப்ளைகள் இந்தத் தொகுப்பில் இருக்காது, அவை அவரவர் கணக்குச் சொத்து.