டோக்கியோவுக்குப் பக்கத்தில், மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் ஒரே நாளில் போய்வரக்கூடிய மலை எது?

தகாவோ மலை. டோக்கியோவுக்கு யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உயரம் 599 மீட்டர். ஷின்ஜுகுவில் கேயோ ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோசான்குச்சி நிலையத்தில் இறங்கலாம். வெளியே வந்தாலே அடிவாரம்.

போன மே மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துப் போனேன். வயது 63, மலை ஏறியதே இல்லை. பல பாதைகள் இருக்கின்றன. 1ஆம் எண் பாதை பெரும்பாலும் தளம் போட்டது, கூட்டமும் அதில்தான். காடு வேண்டுமென்றால் 6ஆம் எண் பாதையில் ஏறுங்கள். ஓடையை ஒட்டியே போகும், 3.3 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு இரண்டேகால் ஆனது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாதையே ஓடைக்குள் இறங்கிவிடும். தண்ணீர் அதிகமில்லை, நடுவில் வரிசையாகக் கற்கள். கை கொடுத்தேன், அம்மா பிடிக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்தபிறகுதான் அடுத்த அடி வைத்தார். வயல் வரப்பில் நடந்து வளர்ந்த கால். மழை பெய்த மறுநாள் மட்டும் இந்தப் பாதை வேண்டாம், வழுக்கும்.

உச்சியிலிருந்து அன்று ஃபுஜி மலை தெரியவில்லை. அதற்குக் குளிர்காலக் காலைதான் சரி.

இறங்கும்போது 1ஆம் பாதையில் வாருங்கள், வழியில் யாகுவோயின் கோயில். 744இல் தோன்றியது என்பது கோயில் வரலாறு. நாங்கள் போன நேரம் உள்ளே முரசு அதிர, துறவிகள் ஓத, தீ வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “டேய், இது ஹோமம்டா” என்றார். உண்மையிலேயே அதுதான்! சமஸ்கிருத ஹோமம் பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து, இங்கே ‘கொமா’ ஆகியிருக்கிறது. முடியும்வரை அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கேபிள் கார் (கம்பி இழுக்க, தண்டவாளத்தில் போகும் வண்டி) இருக்கிறது, அதில் இறங்கிவிடலாம். சரிவு சில இடத்தில் 31 டிகிரி, முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: மலையில் பேர்போன தொரோரோ சோபா, அதாவது துருவிய கிழங்கு சேர்த்த நூடுல்ஸ், அதன் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பையும் வைத்துக்கொள்ளுங்கள்.